கேமிங் கம்ப்யூட்டர்: கஞ்சத்தனம் எங்கே கூடாது?

சென்னையில் அண்ணா சாலையை ஒட்டி இருக்கிறது ரிச்சி தெரு. டெல்லிக்கு நேரு பிளேஸ், மும்பைக்கு லேமிங்டன் ரோடு, பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு என்றால் சென்னைக்கு இந்தத் தெரு. கல்லூரி திறக்கும் மாதங்களில் இங்கே ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். ஒரு பையன், கூடவே அவனுடைய அப்பா. பையன் கையில் ஒரு துண்டுச் சீட்டு, அப்பா பையில் பணம். "படிப்புக்குத்தான்பா" என்பது வீட்டில் சொன்ன காரணம். உண்மையான காரணம் வாலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக், ஜிடிஏ... (அப்பாவுக்கும் அது தெரியும் என்பது வேறு விஷயம்!)

அந்தப் பணம் சும்மா வந்ததில்லை. சீட்டுப் பணமாக இருக்கலாம், அம்மா சேர்த்து வைத்ததாக இருக்கலாம், பையனே பகுதிநேர வேலைக்குப் போய் சம்பாதித்ததாகவும் இருக்கலாம். ஒருமுறைதான் கிடைக்கும். தப்பான பாகங்களை வாங்கிவிட்டால் அடுத்த வாய்ப்புக்கு நான்கு வருடம் ஆகும். அதனால்தான் இந்த விஷயத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பட்ஜெட் கம்ப்யூட்டர் என்றால் எல்லாப் பாகத்திலும் மலிவானதை வாங்குவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது தப்பு. எதில் சிக்கனமாக இருக்கலாம், எதில் இருக்கவே கூடாது என்று பிரித்துத் தெரிந்துகொள்வதுதான் பட்ஜெட்.

பெயரில் என்ன இருக்கிறது?

"ஐ-7 பிராசசர், 16 ஜிபி ரேம், கிராபிக்ஸ் கார்டு, கண்ணாடி கேபினட், கலர் லைட்டு. எல்லாம் சேர்த்து இவ்வளவுதான் தம்பி." கேட்கவே இனிக்கிறது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. எந்த ஐ-7?

இன்டெல்லின் ஐ-7 2600 வெளிவந்தது 2011 ஜனவரியில். நான்கு கோர், எட்டு த்ரெட். அந்தக் காலத்தில் அது ராஜா. 2022 ஜனவரியில் வந்த ஐ-3 12100எஃப்-க்கும் அதே நான்கு கோர், எட்டு த்ரெட்தான். ஆனால் நடுவில் பதினொரு வருடம் ஓடியிருக்கிறது. ஒவ்வொரு கோரும் செய்யும் வேலை வெகுவாகக் கூடிவிட்டது. இன்றைய கேம்களில் இந்த ஐ-3 அந்த ஐ-7-ஐச் சுலபமாகத் தாண்டிவிடும். பெயரில் உள்ள 3, 5, 7 எல்லாம் ஒரே தலைமுறைக்குள் ஒப்பிடத்தான் உதவும். தலைமுறை மாறினால் அந்தக் கணக்கு செல்லாது.

இதோடு முடியவில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் பக்கம் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரபூர்வ அனுமதி. பழைய ஐ-7-ல் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 போட்டுவிடலாம்தான். ஆனால் விண்டோஸ் 11-ல் வாலரண்ட் ஆட டிபிஎம் 2.0-வும் செக்யூர் பூட்டும் வேண்டும். ஆக, வாலரண்டுக்காகவே வாங்கிய கம்ப்யூட்டரில் வாலரண்ட் மட்டும் ஓடாது!

கிராபிக்ஸ் கார்டிலும் இதே கதைதான். என்விடியா 2017-ல் ஜிடி 1030 என்று ஒரு சின்ன கார்டு கொண்டுவந்தது. அதில் ஜிடிடிஆர்5 நினைவகம், நொடிக்கு 48 ஜிபி வேகம். 2018-ல் அதே பெயரில் டிடிஆர்4 நினைவகத்தோடு இன்னொன்று வந்தது. அதன் வேகம் நொடிக்கு சுமார் 16.8 ஜிபி. மூன்றில் ஒரு பங்குதான்! அட்டைப்பெட்டியில் இரண்டுக்கும் பெயர் ஜிடி 1030. பொடி எழுத்தைப் படிக்காதவர் பாதிக் கார்டுக்கு முழுக் காசு கொடுத்தார்.

திரையிலிருந்து தொடங்க வேண்டும்

பெரும்பாலானோர் முதலில் பிராசசரைத் தேர்வு செய்து, கடைசியில் மிச்சம் இருக்கும் காசுக்கு மானிட்டர் வாங்குகிறார்கள். தலைகீழாகச் செய்வதுதான் சரி. எந்தத் திரையில் ஆடப்போகிறோம் என்பதுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

1920 × 1080 திரையில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். 2560 × 1440 திரையில் சுமார் 37 லட்சம். 4கே திரையில் சுமார் 83 லட்சம், அதாவது முதல் திரையைப் போல நான்கு மடங்கு. ஒவ்வொரு காட்சிக்கும் இத்தனை புள்ளிகளையும் கிராபிக்ஸ் கார்டு வரைந்தாக வேண்டும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் நொடிக்கு 60 முறைதான் படம் மாறும். கம்ப்யூட்டர் உள்ளே 150 காட்சிகளை உருவாக்கினாலும் திரை காட்டுவது 60-ஐத்தான்.

பட்ஜெட்டில் வாங்குபவருக்கு 1080 திரை போதும். ஷூட்டிங் கேம் ஆடுபவர் என்றால் 144 ஹெர்ட்ஸ் கிடைத்தால் நல்லது. இதை முடிவு செய்துவிட்டால் அதற்கு மேல் சக்தி உள்ள கார்டைக் காட்டி யாரும் ஆசை காட்ட முடியாது.

பெரிய பங்கு யாருக்கு?

கேம் ஆடுவதற்கான கம்ப்யூட்டரில் பணத்தின் பெரிய பங்கு கிராபிக்ஸ் கார்டுக்குத்தான் போக வேண்டும். மானிட்டர் நீங்கலாக ஐம்பதாயிரம் ரூபாய் என்றால் பதினைந்திலிருந்து இருபதாயிரம் வரை அதற்கு ஒதுக்குவதில் தப்பில்லை. பிராசசருக்கு அதில் பாதி போதும்.

உதாரணத்துக்கு ஒரு ஜோடி. ஏஎம்டி ரைசன் 5 5600 (2022-ல் வந்தது, ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட்). அதோடு ரேடியான் ஆர்எக்ஸ் 6600 (2021 அக்டோபர், 8 ஜிபி). இரண்டும் புதுசு இல்லை. ஆனால் 1080 திரையில் பெரும்பாலான கேம்களை நடுத்தர அமைப்பில் நிம்மதியாக ஓட்டும். ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்காத ஜோடி இது.

பொருந்தாத ஜோடிக்கும் உதாரணம் உண்டு. 2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டில் 4 ஜிபி நினைவகம்தான். மதர்போர்டோடு பேசுவதற்கு நான்கு பிசிஐஇ பாதைகள்தான். புதிய 4.0 போர்டில் சமாளித்துக்கொள்ளும். பழைய 3.0 போர்டில் போட்டால் பல கேம்களில் திணறிவிடும். பழைய கம்ப்யூட்டரை மேம்படுத்த நினைப்பவர்தான் இப்படிப்பட்ட விலை குறைந்த கார்டைத் தேடுவார். அவருக்குத்தான் இது சரிப்படாது. இன்டெல் 2024 டிசம்பரில் கொண்டுவந்த ஆர்க் பி580-யும் 12 ஜிபி நினைவகத்தோடு வந்த நல்ல கார்டுதான். ஆனால் ரீசைசபிள் பார் வசதி இல்லாத பழைய போர்டில் அதன் பலம் வெளியே வராது. ஒரு பாகம் நல்லதா என்று மட்டும் கேட்டால் போதாது, எதனோடு சேரப்போகிறது என்றும் கேட்க வேண்டும்.

யாருமே பார்க்காத டப்பா

இனி முக்கியமான விஷயம். கேபினட் வாங்கும்போது "எஸ்எம்பிஎஸ் உள்ளேயே இருக்கு" என்பார்கள். இலவசம் மாதிரி தோன்றும். பட்ஜெட் கம்ப்யூட்டரின் பெரிய ஆபத்து இந்த இலவசத்தில்தான் இருக்கிறது.

எஸ்எம்பிஎஸ் சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று மாற்றித் தருகிறது. இன்றைய பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட்டிலிருந்துதான் எடுக்கின்றன. எனவே வெளியே பெரிய எழுத்தில் உள்ள "450 வாட்"டை நம்பாமல், ஓரத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பார்க்க வேண்டும். 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 12 × 18 = 216 வாட். மிச்ச வாட் எல்லாம் பெயருக்குத்தான்.

மேலே சொன்ன ஜோடிக்கு எவ்வளவு தேவை? ஆர்எக்ஸ் 6600-க்கு 132 வாட். பிராசசர் முழு வேகத்தில் ஓடும்போது 80 வாட் அளவுக்கு. போர்டு, ரேம், எஸ்எஸ்டி, விசிறிகளுக்கு இன்னொரு 50 வாட். மொத்தம் 260 பக்கம். 216 வாட்டில் இது ஓடாது. ஓடினாலும் அது கடன் வாங்கிக் கல்யாணம் செய்கிற மாதிரி! கேம் நடுவே கம்ப்யூட்டர் அணைந்து அணைந்து எழும். மட்டமான எஸ்எம்பிஎஸ் பழுதாகும்போது தனியாகப் போகாது, சில சமயம் போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போகும். ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் இருபதாயிரம் ரூபாய் கார்டு காலி.

உண்மையான 450 அல்லது 500 வாட் உள்ள, நல்ல வாரண்டி தரும் எஸ்எம்பிஎஸ் ஒன்றே போதும். 80 பிளஸ் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதும் நல்லதே. ஆனால் 2004-ல் தொடங்கிய அந்த முத்திரை, மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும்தான் அளக்கிறது. பாதுகாப்புக்கு அது சான்றிதழ் இல்லை. வாரண்டி எத்தனை வருடம் என்பது அதைவிட நன்றாகப் பேசும்.

கலர் லைட், கண்ணாடிக் கதவு, ஆடம்பர கூலர்... இதிலெல்லாம் தாராளமாகக் கஞ்சத்தனம் செய்யலாம். ரைசன் 5 5600 பெட்டியிலேயே கூலர் வருகிறது. எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் வேண்டாம்.

பணம் போதவில்லை என்றால்?

பலருக்கும் நிஜ நிலைமை இதுதான். முப்பதாயிரம்தான் இருக்கிறது, கார்டுக்கு இடமில்லை. அப்போது மட்டமான கார்டு ஒன்றைச் செருகி "கேமிங் பிசி" என்று பெயர் வைப்பதைவிட, கார்டே இல்லாமல் வாங்குவது புத்திசாலித்தனம். ரைசன் 5 5600ஜி (2021) மாதிரி உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள பிராசசரில் வாலரண்ட், ஜிடிஏ 5 போன்றவற்றை அமைப்பைக் குறைத்து வைத்து ஆடலாம். கல்லூரி பிராஜெக்டும் ஓடும். ஒரு வருடம் கழித்து காசு சேர்ந்ததும் நல்ல கார்டாக வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். அதற்கு ஏற்ற எஸ்எம்பிஎஸ்ஸை முதலிலேயே வாங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதில் ஒரு குறையும் உண்டு. 5600ஜி-யில் எல்3 கேஷ் 16 எம்பி, 5600-ல் 32 எம்பி. 5600ஜி பிசிஐஇ 3.0-ஐத் தாண்டாது. பின்னால் கார்டு போடும்போது கொஞ்சம் பின்தங்கும். முதல் நாளே கார்டு வாங்க முடிந்தவருக்கு இது வேண்டாம். முடியாதவருக்கு இது நேர்மையான வழி.

இந்த வழியில் போகிறவர் ரேமை ஒரே 16 ஜிபி குச்சியாக வாங்கக் கூடாது, இரண்டு 8 ஜிபியாக வாங்க வேண்டும். டிடிஆர்4 3200 ஒரு குச்சியில் நொடிக்கு 25.6 ஜிபி. இரண்டாகப் போட்டால் 51.2 ஜிபி. உள் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, இந்த ரேமைத்தான் நம்பியிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் பயாஸில் எக்ஸ்எம்பியை ஆன் செய்யவும் மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் 3200 என்று காசு கொடுத்து வாங்கிய ரேம் அதைவிடக் குறைந்த வேகத்திலேயே காலம் தள்ளும்.

செகண்ட் ஹேண்ட் பாவமா?

"பழசு வாங்கினால் மைனிங் செய்த கார்டு தலையில் கட்டிவிடுவார்கள்" என்ற பயம் பலருக்கு உண்டு. 2022 செப்டம்பரில் எத்தீரியம் முறை மாறியதும் கார்டை வைத்து அதைத் தோண்டும் வேலை முடிந்தது. பல கார்டுகள் சந்தைக்கு வந்தது உண்மைதான். ஆனால் கார்டைக் கண்ணெதிரே போட்டு அரைமணி நேரம் கனமான கேம் ஓட்டி, சூட்டையும் விசிறியையும் பார்த்துவிட்டு வாங்கினால் பயப்பட ஒன்றுமில்லை. பிராசசரும் அவ்வளவு சுலபத்தில் கெடாது. செகண்ட் ஹேண்டில் தொடவே கூடாதவை இரண்டு: எஸ்எம்பிஎஸ், ஹார்ட் டிஸ்க். எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்பது வெளியே தெரியாது.

புதிதாக வாங்குபவர் 18 சதவீத ஜிஎஸ்டியோடு பில் கேட்டு வாங்குவதே நல்லது. "பில் இல்லாம ஆயிரம் கம்மி" என்ற பேச்சில் மயங்கினால், வாரண்டி கேட்கும் நாளில் அந்த ஆயிரத்தின் விலை தெரியும்.

கடைசியாக...

கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஐ-7 கேட்டு வருகிறவருக்கு ஐ-7 விற்கிறார், லைட் கேட்டு வருகிறவருக்கு லைட் விற்கிறார். கேள்வி மாறினால் பதிலும் மாறும். எந்தத் தலைமுறை? கார்டில் எந்த நினைவகம்? 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர்? வாரண்டி எத்தனை வருடம்? இந்த நான்கு கேள்விகளோடு ஒரு பையன் கடைக்குள் நுழைந்தால் அவனிடம் பழைய சரக்கைத் தள்ளிவிடுவது கஷ்டம்.

பக்கத்தில் நிற்கும் அப்பாவுக்கு கோரும் தெரியாது, த்ரெட்டும் தெரியாது. பையனுக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில்தான் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார். அந்த நம்பிக்கைக்காகவாவது, கடைக்குப் போவதற்கு முந்தைய நாள் இரவு ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்துவிட்டுப் போகலாம் இல்லையா?