குடிநீரும் தேகாரோக்கியமும்

பாரூர்ப் பெரிய ஏரி நிரம்பியிருக்கும் காலத்தில் அதன் கரைமீது நின்று பார்க்கும் ஒருவருக்கு, இந்தச் சீமையில் தண்ணீராலேயே ஒரு வியாதி உண்டென்று சொன்னால் நம்பிக்கை பிறவாது. நெடுங்கல் அணைக்கட்டின் வழியாகத் தென்பெண்ணை நீர் அவ்வேரிக்கு வருகிறது. கீழே வயல்களும் தென்னந்தோப்புகளும் பசுமையாய்க் கிடக்கின்றன. ஆனால் வயலுக்குப் பாயும் நீர் வேறு. குடத்தில் பிடித்துக் குடிக்கும் நீர் வேறு. கிருஷ்ணகிரி, தருமபுரி ஜில்லாக்களின் பல கிராமங்களில் ஜனங்கள் நெடுங்காலமாகக் குடித்து வந்தது பாறைக்கடியிலிருந்து இறைத்த நீரேயாகும். அப்பாறையில் புளோரைடு என்னும் சத்து கலந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. பல்லுக்கும் எலும்புக்கும் மாத்திரம் தெரியும்.

இவ்விஷயத்தை எழுதும்படி நம்மைத் தூண்டியது வேறொரு நல்ல காரியம். 2021-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி, இதே ஜில்லாவிலுள்ள சாமனப்பள்ளியில்தான் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. ரத்தக் கொதிப்பும் நீரிழிவும் உள்ளவர்களுக்கு வீட்டு வாசலிலேயே மருந்து கொடுப்பது, படுத்த படுக்கையாயிருப்போருக்குச் சிகிச்சை செய்வது முதலியன அதன் நோக்கம். 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் பணிக்குழு அதற்கு விருதளித்தது. இதைப் பாராட்டுவதில் நமக்குத் தயக்கம் சிறிதுமில்லை. வைத்தியசாலையைத் தேடி ஏழை நடப்பதற்குப் பதிலாக, ஏழையைத் தேடி வைத்தியம் நடப்பதே முறை. எனினும், அந்த மருந்துப் பையிலுள்ள எந்த மாத்திரையும் தீர்க்க முடியாத நோயொன்று இந்த ஜில்லாக்களில் இருக்கிறது. ஐம்பது வயதில் அது முழங்காலில் தெரிந்தாலும், ஆரம்பித்தது ஐந்து வயதில்.

அது மனிதனைப் பருவந்தோறும் பின்தொடரும் விதத்தைக் கவனிக்க வேண்டும். முலைப்பாலில் புளோரைடு மிகமிகக் குறைவு. தாய் எந்த நீரைக் குடித்தாலும் பிள்ளைக்குப் போவது அற்பமே. இயற்கை அவ்வளவு தூரம் காவல் வைத்திருக்கிறது. புட்டிப்பால் மாவைக் கிணற்று நீரில் கரைத்துக் கொடுக்கும் வீட்டில் அந்தக் காவல் முதல் மாதமே நீங்கிவிடுகிறது. பிறகு, ஏறக்குறைய எட்டு வயது வரை, நிலைப்பற்கள் ஈறுக்குள்ளேயே உருவாகிக் கொண்டிருக்கின்றன. அந்நாட்களில் அளவுக்கு மிஞ்சிய புளோரைடு உட்சென்றால் பல்லின் மேற்பூச்சு கெட்டு, வெளிவரும்போதே சுண்ணாம்பு போல் வெளுத்தும், பின்னர் மஞ்சளாகவும் பழுப்பாகவும் கறைபட்டும் நிற்கும். எட்டு வயதுக்குப்பின் நல்ல தண்ணீர் கொடுத்தாலும் அந்தப் பல் திரும்புவதில்லை. வக்கீல் தொழிலில் பழகியவர்களுக்குக் காலாவதிச் சட்டம் தெரியும்: கெடு தாண்டியபின் தாவா எவ்வளவு நியாயமானதாயினும் செல்லாது. இங்கே அந்தக் கெடு எட்டு வயது. எந்தக் கோர்ட்டிலும் அதற்கு அப்பீல் இல்லை.

கறைபட்ட பல் வெறும் அழகுக் குறைவென்று சிலர் தள்ளிவிடுவார்கள். புகையிலையைத் தொட்டறியாத வாலிபனைப் பார்த்து, ‘என்ன போடுகிறாய்?’ என்று முதலாளி கேட்கும்போதும், பெண் பார்க்க வந்தவர்கள் முகத்தைத் திருப்பிக் கொள்ளும்போதும் உண்டாகும் அவமானத்தை அவர்கள் அறியமாட்டார்கள். அன்றியும், பல் என்பது சாட்சி. குற்றம் நடந்த இடம் எலும்பு. அதே நீரை இருபது முப்பது வருஷம் குடித்தவனுக்குக் கழுத்தும் முதுகும் இறுகுகின்றன, குனிவது கஷ்டமாகிறது, முற்றினால் முதுகெலும்பு ஒரே தண்டாய்ப்போய் நரம்பையும் அழுத்துகிறது.

கல்லுடைப்பிலும் வயலிலும் ஆலையிலும் பாடுபடுகிறவன் இதை வாதமென்றோ வயதின் கோளாறென்றோ எண்ணிக் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குகிறான். இங்கேதான் ஒரு வியாதி மற்றொன்றைப் பெறுகிறது. அம்மாத்திரைகளிற் பல ரத்தக் கொதிப்பை ஏற்றும். நாட்பட உட்கொண்டால் சிறுநீரகத்தையும் கெடுக்கும். புளோரைடை வெளியேற்றுவதோ அதே சிறுநீரகம். அது தளர்ந்தால் முன்னிலும் அதிகமாகப் புளோரைடு உடலில் தங்குகிறது. வாசலுக்கு வரும் கொதிப்பு மாத்திரை ஒரு பக்கம், பெட்டிக்கடை வலி மாத்திரை மறுபக்கம், நடுவே தண்ணீர்க் குடம்: இப்படி எத்தனை வீடுகளோ!

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியன்று. அமெரிக்காவில் கொலராடோப் பக்கத்துக் குழந்தைகளின் கறைப்பற்களுக்குக் காரணம் குடிநீரிலுள்ள புளோரைடே என்று 1931-ல் புலப்பட்டது. அக்காலத்துச் சென்னை மாகாணத்திலேயே, நெல்லூர் ஜில்லாவில் முதுகு இறுகிய குடியானவர்களைப் பரிசோதித்து, ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி என்னும் மூவர் 1937-ல் இந்நோயை வெளிப்படுத்தினர். உலகச் சுகாதார ஸ்தாபனம் வகுத்த எல்லை ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், நமது தேசத்துத் தர நிர்ணயம் 1 மில்லிகிராம் என்றும், வேறு நீர் கிடையாவிடில் 1.5 வரை பொறுக்கலாம் என்றும் சொல்லுகிறது.

மேற்கிணறுகளும் ஏரிகளும் வற்ற வற்ற, ஜனங்கள் ஆழ்குழாய்க்குப் போனார்கள். பாறையோடு நெடுநாள் ஒட்டிக் கிடந்த நீர் புளோரைடை அதிகமாக உறிஞ்சிக் கொள்ளும். ஆகவே தாகத்துக்குச் செய்த பரிகாரமே பல ஊர்களில் நோய்க்குக் காரணமாயிற்று. மற்றொரு தவறும் பரவியிருக்கிறது. தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் எல்லாம் சரியாய்விடுமென்று படித்தவர்களே சொல்லக் கேட்கிறோம். காய்ச்சினால் கிருமி சாகும், புளோரைடு சாகாது. நீர் சுண்டச் சுண்ட அது இன்னும் செறிவாகும்.

காவேரி நீரைக் கொண்டுவருவதே தக்க வழியென்று கண்டு, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். உடனே எல்லைக்கப்பால் கிளர்ச்சி எழுந்தது. கர்நாடகத் தேர்தல் முடியும்வரை வேலையை நிறுத்தி வைப்பதாக ஏப்ரலில் இங்கிருந்து அறிவிக்கும்படியாயிற்று. பின்னர் ஜப்பான் தேசத்துக் கடனுதவியுடன், சுமார் 1,900 கோடி ரூபாய் செலவில் வேலை நடந்து, 2013 மே மாதம் திறப்பு விழா ஆயிற்று. இக்கிளர்ச்சியைப்பற்றி நமது அபிப்பிராயத்தை ஒளிக்க விரும்பவில்லை. கோலார், சிக்கபள்ளாப்பூர், துமகூரு ஜில்லாக்களிலும் இதே நோய் இருக்கிறது. ஒரே பாறையின் நீரைக் குடித்து ஒரே விதமாகப் பல் கறைபட்ட குழந்தைகள் எல்லைக்கு இருபுறமும் இருக்கையில், ஒரு மாகாணத்தார் மற்றொரு மாகாணத்துக் குழந்தையின் குடிநீரை மறித்தது தேசபக்தியாகாது. நம்மவர்களில் அதை வோட்டு விஷயமாக்கியவர்களுக்கும் இது பொருந்தும்.

நிற்க, குழாய் வந்ததோடு காரியம் முடிந்ததென்று நினைப்பதற்கில்லை. காவேரி நீர் குறைந்த நாளில் ஊராட்சித் தொட்டியில் ஆழ்குழாய் நீரையே ஏற்றிவிட்டால் குடிப்பவனுக்கு எப்படித் தெரியும்? பள்ளிக்கூடத்துக் காலை உணவும் மத்தியான உணவும் எந்த நீரில் சமைக்கப்படுகின்றன? எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உண்பது அங்கேதான். காவேரி நீர் சிறிதளவே கிடைக்குமாயின் அது முதலில் அங்கன்வாடிக்கும் ஆரம்பப் பள்ளிக்கும் போக வேண்டும் என்பது நமது கட்சி. குளிப்பதற்கும் துவைப்பதற்கும் ஆழ்குழாய் நீர் போதும்; அதனால் தோஷமில்லை.

கொதிப்பு பார்க்க வீடு தேடி வரும் பெண் ஊழியர்கள் அதே நடையில் இதையும் பார்க்கலாம். கருவியொன்றும் வேண்டாம். முழங்காலை மடக்காமல் கால் விரலைத் தொடச் சொல்ல வேண்டும். மோவாயை மார்பில் படிய வைக்கச் சொல்ல வேண்டும். கைகளை மடக்கிப் பிடரியைத் தொடச் சொல்ல வேண்டும். முடியாதவரை வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். குழந்தைகளின் முன்பற்களைப் பார்த்தால் ஊர்த் தண்ணீரின் கதை தெரிந்துவிடும். ஆகாரத்திலும் சிறிது அனுகூலம் உண்டு. புளி சேர்த்த உணவு சிறுநீர் வழியாகப் புளோரைடு கழிவதை அதிகப்படுத்துவதாக ஹைதராபாத் தேசிய போஷாக்கு ஆராய்ச்சி நிலையத்தார் 2002-ல் பள்ளிப் பிள்ளைகளிடம் கண்டனர். இப்பக்கத்துக் கேழ்வரகுக் களியில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அதை விட்டு வெறும் அரிசிச் சோற்றுக்கு மாறியது நஷ்டமே. கடுந்தேநீரில் புளோரைடு உண்டென்பதையும் ஆலைத் தொழிலாளர் அறிவது நலம். ஆயினும் புளியும் களியும் நல்ல தண்ணீருக்கு ஈடாகா.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய தினங்களில் கூடுகிறது. பொதுக் காரியத்தில் ஈடுபட்டுள்ள நமது வாசகர்கள், அடுத்த கூட்டத்தில் தத்தம் ஊர் ஆழ்குழாய் ஒவ்வொன்றின் நீர்ப் பரிசோதனைச் சீட்டையும் கேட்க வேண்டும். அளவு இன்னதென்று தொட்டியின் சுவரிலேயே எழுதி வைக்கும்படி தீர்மானம் கொண்டுவர வேண்டும். சீட்டின் நகலை நமக்கு அனுப்புவோர் ஊர்ப் பெயரையும் தேதியையும் குறித்தனுப்பினால், அவற்றை வரிசையாகப் பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறோம். சீட்டே இல்லையென்று பதில் வந்தால் அந்தப் பதிலையும் அனுப்பலாம்.