இதற்கும் பத்துப் பேரிடம் விசாரியுங்கள்

திருத்துறைப்பூண்டியில் ஒரு பிள்ளை சோற்றைக் கண்டு பயப்படுகிறது என்றால் யார் நம்புவார்கள்? நானும் நம்பவில்லை. சம்பா அறுத்து மூட்டை மூட்டையாக வீட்டில் அடுக்கியிருந்த தை மாதத்தில், பத்தாம் வகுப்புப் படித்த என் மகள் ஒரே ஒரு இட்லியைப் பொடிப்பொடியாகப் பிட்டு முக்கால் மணி நேரம் தட்டில் தள்ளிக்கொண்டிருந்தாள். மீதியைக் கைக்குட்டையில் சுருட்டிக் கொல்லையில் கோழிக்குப் போட்டாள். சித்திரை வெயிலிலும் கை சில்லென்று இருக்கும். மூன்று மாதமாக மாதவிலக்கு இல்லை. குளியலறை ஜாலியில் தினமும் ஒரு கொத்து முடி.

இத்தனையும் என் கண்ணெதிரே நடந்தது. ஆரம்பத்தில், "பாப்பா இளைச்சு அழகாயிட்டா" என்று சொந்தக்காரர்களிடம் பெருமை பேசியவள் நான்தான். அப்புறம் திட்டினேன். அல்சர் என்று ஒரு டாக்டர், பசியெடுக்க ஒரு டானிக், அப்பாயி சொல்லி ஒரு மந்திரிப்பு. பிறவி மருந்தீஸ்வரர் சந்நிதியில் அழுதேன், அதில் தப்பில்லை. ஆனால் அழுதுவிட்டு சரியான வைத்தியத்துக்குப் போகாமல் ஏழு மாதத்தை ஓட்டினேனே, அதுதான் தப்பு.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீட் கோச்சிங் சேர்க்க எத்தனை பேரிடம் விசாரிக்கிறீர்கள்? போன வருஷ ரிசல்ட் என்ன, பாடம் எடுப்பது யார் என்று மன்னார்குடி, தஞ்சாவூர் வரை அலசுகிறோம். பிள்ளையின் உயிரைக் காப்பாற்றும் வைத்தியரை மட்டும் போர்டைப் பார்த்துத் தேடுகிறோம். நானும் அப்படித்தான் ஒரு கவுன்சிலிங் சென்டருக்குப் போனேன். "அம்மா அப்பா கஷ்டப்படுறாங்க, நல்லா சாப்பிடும்மா" என்று அவளுக்குப் புத்தி சொன்னார்கள். எங்களிடம், "சாப்பாட்டைப் பத்திக் கேக்காதீங்க, தானா சரியாயிடும்" என்றார்கள். இரண்டு மாதத்தில் இன்னும் நாலு கிலோ போனது. எடையை அங்கே ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

அவளுக்கு இருந்தது பிடிவாதமோ கொழுப்போ இல்லை. வில்லியம் கல் என்ற லண்டன் மருத்துவர் 1873லேயே அனோரெக்சியா நெர்வோசா என்று பெயர் வைத்த நோய். மனநோய்களிலேயே அதிகம் உயிர் குடிப்பவற்றில் ஒன்று. 2025 மார்ச்சில் கேரளாவின் கண்ணூர் மாவட்டத்தில் 18 வயதுப் பெண் ஒருத்தி மாதக்கணக்கில் சரியாகச் சாப்பிடாமல் கிடந்து இறந்தாள். இந்த நோய்தான் என்று மருத்துவர்கள் சந்தேகித்தார்கள். ஆண் பிள்ளைகளுக்கும் இது வரும். சாப்பிட்டுவிட்டு உடனே பாத்ரூமுக்கு ஓடி வாந்தியெடுக்கும் பிள்ளைக்கு வேறு பெயர், புலிமியா. அதில் பொட்டாசியம் இறங்கினால் இதயம் தடுமாறும்.

ஆகவே வாய் திறந்து கேளுங்கள். "இந்த நோயில் எத்தனை பிள்ளைகளைப் பார்த்திருக்கிறீர்கள்?" இதைக் கேட்பது மரியாதைக்குறைவு ஆகாது. கவுன்சிலர் என்று யார் யாரோ போர்டு மாட்டிக்கொள்கிறார்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேளுங்கள். எடை, நாடித்துடிப்பு, ரத்தப் பரிசோதனை இதையெல்லாம் யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். பேச்சு மட்டும் போதும் என்பவர் இதற்கு ஆகமாட்டார். பத்து நாளில் குணமாக்குகிறேன் என்பவரிடம் நிற்கவே வேண்டாம்.

முக்கியமாக, "எங்களுக்கு என்ன வேலை?" என்று கேளுங்கள். வெளியே உட்காருங்கள் என்று மட்டும் சொன்னால் யோசியுங்கள். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான முறையில் பிள்ளைக்கு உணவூட்டும் பொறுப்பு முதலில் பெற்றோரிடம்தான். வளரும் பிள்ளைகளுக்கு நன்றாகப் பலன் தருவது அதுவே. எங்களுக்குக் கடைசியில் கிடைத்த டாக்டரம்மாவும், "சாப்பாடுதான் மருந்து, அதைக் கொடுக்கிறவங்க நீங்க" என்றார்.

கொடுத்தோம். ஒரு கிண்ணம் தயிர்சாதத்துக்கு ஒரு மணி பத்து நிமிஷம் ஆனது. அவள் அழுதாள், கிண்ணத்தைத் தள்ளினாள், என்னை வெறுப்பதாகச் சொன்னாள். நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். கடைசி வாய் போனபோது அவள் அப்பா கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டார். ஆனால் நாள்கணக்கில் பட்டினி கிடந்த உடம்பில் நீங்களாகத் திணித்துவிடாதீர்கள். ரத்தத்தில் பாஸ்பரஸ் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். அளவை மருத்துவர் சொல்ல வேண்டும்.

இந்த நோய்க்கென்று தனி மருத்துவமனை நம் பக்கம் இல்லை. ஆனால் திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முப்பது கிலோமீட்டர்கூட இல்லை, அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கிருந்து வேலூர் சி.எம்.சி.க்கோ பெங்களூரு நிம்ஹான்சுக்கோ போகச் சொன்னால் போங்கள். ராத்திரியில் மனசு பதறினால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள், தமிழில் பேசுவார்கள், காசில்லை.

மாப்பிள்ளை கிடைக்காது, அக்கம்பக்கம் தெரிந்துவிடும் என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். பிள்ளை தட்டைத் தள்ளுகிறதா? நாளைக் காலையிலேயே திருவாரூர் பஸ் ஏறுங்கள்.