உறுதிமொழி எடுத்தாச்சு… அந்தப் பத்து நிமிஷத்துக்கு என்ன வழி?



ஒன்பதாவது படிக்கும்போது என் பக்கத்துல உக்காந்திருந்தவன் கணக்குல என்னைவிடக் கெட்டி. முழு ஆண்டுப் பரீட்சைக்கு முந்தின நாள் சாயந்திரம், பொம்மிடி ஸ்டேஷன் பக்கம் நின்னுட்டு இருந்தோம். பெரிய பையன் ஒருத்தன் புகையிலைப் பொட்டலத்தை நீட்டினான். "பயமா இருக்கா? இதை உதட்டுக்குள்ள வை, சரியாயிடும்." அவன் வாங்கி வெச்சுக்கிட்டான். எனக்கு நீட்டியிருந்தா நானும் வாங்கியிருப்பேன். என் பக்கம் வரல, அவ்ளோதான்.

நான் இன்ஜினியரிங் முடிச்சேன். அவன் திருப்பூர்ல வேலை பாக்குறான். போன மாசம் பேசும்போதுகூட "விட முடியலடா மாப்ள"ன்னான்.

புகையிலை கெடுதல்னு அவனுக்கு அன்னைக்கே தெரியும். ஸ்கூல் சுவர்லயே எழுதியிருந்துச்சு. பரீட்சை பயத்துல நெஞ்சு படபடன்னு அடிக்கும்போது அந்தப் பத்து நிமிஷத்தை எப்படிக் கடக்குறதுன்னுதான் அவனுக்குத் தெரியல. அதை யாரும் சொல்லிக் குடுக்கல. எனக்கும்தான்.

2022 ஆகஸ்ட்ல தமிழ்நாடு முழுக்கப் பள்ளி, கல்லூரிகள்ல போதைப்பொருள் எதிர்ப்பு உறுதிமொழி எடுத்தாங்க. மன்றங்களும் ஆரம்பிச்சாங்க. நல்ல விஷயம்தான், குறை சொல்லல. ஆனா உறுதிமொழி காலைல பிரேயர்ல எடுக்குறது. பொட்டலம் நீட்டுறது சாயந்திரம் ஆறு மணிக்கு.

அதனாலதான் மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சியைப் பத்திப் பேசணும்னு தோணுச்சு. பேரைக் கேட்டுப் பெரிய இடத்து சமாச்சாரம்னு நினைக்க வேண்டாம். நம்ம மனசுலயும் உடம்புலயும் இப்ப என்ன நடக்குதுன்னு, அதுகூடச் சண்டை போடாம கவனிக்கப் பழகுறது. அவ்ளோதான். ஆலன் மார்லட்னு ஒரு அமெரிக்க உளவியலாளர், போதை ஆசையை அலைக்கு ஒப்பிட்டார். எழும்பும், உச்சிக்குப் போகும், தானா இறங்கும். நமக்குக் கடல் தூரம். நான் ரயிலை வெச்சுச் சொல்றேன். நிக்காத எக்ஸ்பிரஸ் ஒண்ணு நம்ம ஸ்டேஷனைத் தாண்டும்போது பிளாட்ஃபார்மே அதிரும், பேசினா காது கேக்காது. அதுக்காக யாராச்சும் ஓடிப்போய் ஏறுறோமா? கொஞ்சம் தள்ளி நிக்கிறோம். போயிடுது.

இது வேலை செய்யுமா? 2014-ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு வெளியாச்சு. போதை சிகிச்சை முடிச்ச 286 பேரை மூணு பிரிவாப் பிரிச்சாங்க. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா, இந்தப் பயிற்சி எடுத்த பிரிவுல இருந்தவங்க மத்த ரெண்டு பிரிவையும்விடக் குறைஞ்ச நாள்தான் போதைப்பொருள் எடுத்திருந்தாங்க.

ஆனா அது பெரியவங்க கதை. பள்ளிக்கூடக் கதை வேற, அதையும் மறைக்காம சொல்லணும். பிரிட்டன்ல 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களை வெச்சு நடந்த பெரிய ஆய்வோட முடிவு 2022-ல வந்துச்சு. 11 முதல் 14 வயசுப் பிள்ளைங்க. பார்த்தது போதைப் பழக்கத்தை இல்ல, மனநலத்தை. வழக்கமான வகுப்பைவிட மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பால கூடுதல் பலன் ஒண்ணும் கிடைக்கல. பெரும்பாலான பிள்ளைங்க வீட்டுல பயிற்சியே பண்ணல.

அப்போ விட்டுடலாமா? வேண்டாம்ங்கிறதுதான் என் கருத்து. எல்லாரையும் உக்கார வெச்சு, கண்ணை மூடச் சொல்லி, பதிவேட்டுல டிக் போட்டா நம்ம ஊர்லயும் அதேதான் நடக்கும். பொட்டலம் நீட்டுற கையை மனசுல வெச்சு நடத்தணும். பயம் வந்தா உடம்புல எங்க தெரியுது, பத்து நிமிஷம் எப்படித் தள்ளிப் போடுறது, கூட்டாளி கிண்டல் பண்ணினா என்ன பதில் சொல்றதுன்னு பிள்ளைங்களையே நடிச்சுப் பார்க்க விடணும். சொல்லிக் குடுக்குற வாத்தியாருக்கு முதல்ல பயிற்சி வேணும். டெல்லி அரசுப் பள்ளிகள்ல 2018-ல ஆரம்பிச்ச மகிழ்ச்சிப் பாடத்திட்டத்துக்குன்னு தினமும் ஒரு பீரியட் ஒதுக்கினாங்க. நம்ம ஊர்ல பத்தாவது வந்துட்டா பி.டி. பீரியடையே கணக்கு சார் வாங்கிக்குவார்!

"தியானம்ங்கிற பேர்ல மதத்தை நுழைக்கிறாங்களா?"ன்னு நம்ம ஆளுங்களே கேப்பாங்க. நியாயமான கேள்வி. அரசுப் பள்ளில மந்திரம், சாமி படம், குரு வணக்கம் எதுவும் இருக்கக் கூடாது. இருந்தா முதல் ஆளா நாமே எதிர்ப்போம். மூச்சைக் கவனிக்க எந்த சாமியும் தேவையில்ல.

இன்னொரு பக்கமும் இருக்கு. பிள்ளைக்கு மனசை அடக்கச் சொல்லிக் குடுத்துட்டு, ஸ்கூல் வாசல்லயே கடை விரிக்க விட்டா அது ஏமாத்து வேலை. கல்வி நிலையத்துல இருந்து 100 கெஜத்துக்குள்ள புகையிலைப் பொருள் விக்கக் கூடாதுன்னு 2003-ம் வருஷச் சட்டமே சொல்லுது. பிள்ளைங்களுக்கு மது, போதைப்பொருள், புகையிலை குடுத்தா 7 வருஷம் வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். இது 2015 சிறார் நீதிச் சட்டம், பிரிவு 77. ஸ்டேஷன்ல மனு குடுக்கும்போது இந்தப் பிரிவு எண்ணையும் எழுதுங்க.

நம்ம வீட்டுக் குப்பையையும் சொல்லிடுறேன். கூட்டத்துக்கு வண்டில ஆள் ஏத்தும்போது சரக்குப் பாட்டிலும் ஏறுது. எல்லாக் கட்சிலயும் நடக்குது, நம்ம கட்சி உட்பட. அதே வண்டில பதினஞ்சு, பதினாறு வயசுத் தம்பிங்களும் கொடி பிடிச்சுட்டு வர்றாங்க. மாவட்டப் பொறுப்பாளர்கள் கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல, அடுத்த கூட்டத்துல இருந்து இதை நிறுத்தணும்.

பொம்மிடி, பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் பள்ளி மேலாண்மைக் குழுவுல உறுப்பினரா இருக்குற சொந்தங்கள் அடுத்த கூட்டத்துல ரெண்டு விஷயத்தைத் தீர்மானமா வைங்க. ஒண்ணு, வாரம் ஒரு பீரியட், வேற எந்தப் பாடத்துக்கும் விட்டுக் குடுக்காம. ரெண்டு, அதை நடத்துற ஆசிரியருக்குப் பயிற்சி. கட்சிப் பேரு வேண்டாம், பெத்தவங்களாப் பேசுங்க. ஏற்கெனவே பழக்கத்துல மாட்டின பிள்ளை இருந்தா அடிக்காதீங்க. 14416-க்குக் கூப்பிடுங்க, இலவச மனநல ஆலோசனை, தமிழ்லயே பேசலாம். என் கூட்டாளிக்கும் நேத்துதான் அந்த நம்பரை அனுப்பினேன். ப்ளூ டிக் விழுந்திருக்கு, பதில் வரல.

– தகவல் தொழில்நுட்ப அணி, பொம்மிடி