வரிக்கு வரி ஒரு பெயர்

மென்பொருள் துறை நண்பர்களிடம் ‘கிட் பிளேம்’ என்று சொல்லிப் பாருங்கள். சிலர் சிரிப்பார்கள், சிலர் நெளிவார்கள்.

லைனஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய ‘கிட்’, நிரலில் செய்து சேமிக்கும் மாற்றங்களை எல்லாம் வரலாறாக வைத்திருக்கும். ‘பிளேம்’ கட்டளையைக் கொடுத்தால், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதைக் கடைசியாக மாற்றியவர் பெயரும் தேதியும் வந்து நிற்கும். பிளேம் என்றால் பழி. பெயரே மிரட்டுகிறது, இல்லையா?

‘கடைசியாக’ என்பதைக் கவனியுங்கள். வரிக்கு முன்னால் வெறும் இடைவெளி சேர்த்தவர் பெயர்கூட அங்கே வரலாம். தவறு வேறொருவருடையதாக இருக்கும்.

2014 ஏப்ரலில் இணையத்தையே பதற வைத்த ‘ஹார்ட்பிளீட்’ குறைபாடு, ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் 2011 டிசம்பர் 31 அன்று நுழைந்தது. எழுதியவரை ஊடகங்கள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டன. ஆனால் அதைச் சரிபார்த்தவர் கண்ணிலும் பிழை படவில்லை. அதன்பின் 2 ஆண்டுகளுக்கு மேல் யாரும் அதை வெளியே சொல்லவில்லை.

எங்கள் வானொலி நிகழ்ச்சிக் குறிப்பிலும் பலர் கை வைப்போம். “இதை யார் எழுதினது?” என்று கேட்டால் அறையே அமைதியாகிவிடும். “ஏன் இப்படி எழுதினோம்?” என்று கேட்டால் பேச்சு வரும்.

‘சப்வெர்ஷன்’ என்ற இன்னொரு கருவியில் இதே கட்டளைக்கு ‘பிரெய்ஸ்’, அதாவது பாராட்டு, என்றும் பெயர் உண்டு. எதைத் தட்டினாலும் வருவது ஒரே பட்டியல்தான். அடுத்த முறை திரையில் ஒரு பெயர் தெரிந்தால், முதலில் அவரிடம் காரணத்தைக் கேளுங்கள்.