தவணைக்குத் தை மாசம் தெரியுமா?

ஒரு காலத்தில் நம் நாட்டில் கார் வாங்க இரண்டு தகுதி வேண்டும். ஒன்று காசு, இன்னொன்று பொறுமை! அம்பாஸடருக்கும் பிரீமியர் பத்மினிக்கும் முன்பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். கலரா? வருவதுதான் கலர்! 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1991-க்குப் பிறகு வெளிநாட்டுக் கம்பெனிகள் வரிசை கட்டின. டீலர்கள் எழுந்து நின்று வணக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள்.

இப்போ எங்க கோவில்பட்டிக் கரிசல் பக்கம் ஷோரூமுக்கு நீங்க போகவே வேண்டாம். போன் போட்டால் வண்டியே வாசலுக்கு வருது. ''அண்ணாச்சி, சும்மா ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க'' என்று சாவியை நீட்டுகிறார்கள். கிராமத்துப் பையன்களையே விற்பனைக்கு அமர்த்திய கம்பெனிகளும் உண்டு.

எல்லாம் சரி. நம்ம அப்பா கேட்பாரே ஒரு கேள்வி: ''தவணை மாசாமாசமாப்பா?''

மாசச் சம்பளக்காரர்களான நமக்கு அது சாதாரணம். அவருக்கு? மானாவாரி பூமி. புரட்டாசியில் விதைத்தால் உளுந்தும் பாசியும் தை வாக்கில் காசாகும். பருத்திக்கு இன்னும் பொறுக்கணும். வரவு வருஷத்துக்கு ஒரு தடவை. செலவு பன்னிரண்டு தடவை. நான் படித்த பி.காம்.-முக்கே இந்தப் பேலன்ஸ் ஷீட் உதைக்குது!

டிராக்டர் கடனுக்கு அறுவடையை ஒட்டி ஆறு மாசத்துக்கொரு தவணை வைப்பது வழக்கம்தான். விவசாயிக்குக் காருக்கும் அப்படித் தருகிற இடங்கள் உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள்.

சீட் கவரையும் பிள்ளையார் பொம்மையையும் மல்லுக்கட்டி இலவசமாக வாங்குகிறோமே, இதையும் கேளுங்க சார்!