கைபேசிக்குள் நுழைந்துவிட்ட 'பாண்டி'

சாலைக் கடைத்தெருவிலும் கட்டட வேலையிடங்களிலும் 'பாண்டி' என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப் போனவர்கள் நாம். பாண்டிய நாட்டுக்காரன் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது. இழிவெல்லாம் சொல்லுகிறவன் குரலில்தான். எப்படியோ, வீடு திரும்பினால் அது வாசலோடு நின்றுவிடும். நம் பிள்ளைகளுக்கு அந்த வாசலும் இல்லாமல் போய்விட்டது.

2020 ஜூன் 1 அன்று விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியே பாடங்கள் தொடங்கிய காலத்தில் கடன்பட்டுக் கைபேசி வாங்கினோம். பாடம் பள்ளிக்குத் திரும்பிவிட்டது. பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுக்கள் வீட்டிலேயே தங்கிவிட்டன. ஆறாவது, ஏழாவது படிக்கும் பிள்ளையின் மலையாள உச்சரிப்பைப் பதிவு செய்து பரப்புகிறார்கள். நிறத்தைப் பழித்துப் படம் போடுகிறார்கள். தகப்பன் சுமை தூக்குவதைக் காட்டிச் சிரிக்கிறார்கள். மறுநாள் காலை அந்தப் பிள்ளைக்கு வயிற்றுவலி வந்துவிடுகிறது. பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறது.

இது பிள்ளை விளையாட்டு என்று தள்ளிவிட முடியுமா? 2025 பிப்ரவரியில் கோழிக்கோடு மாவட்டம் தாமரசேரியில், டியூஷன் நிலைய விழாவில் நடனம் ஆடியவர்களைப் பார்த்துக் கூவியதில் தகராறு தொடங்கியது. கைபேசிக் குழுக்களில் அது பகையாக முற்றியது. மாணவர்கள் தெருவில் மோதினார்கள். மார்ச் 1 அன்று பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் இறந்தான். அங்கே மொழிச் சண்டை ஏதுமில்லை. கேலி எதுவரை போகும் என்பதற்கு அது சாட்சி.

நாம் என்ன செய்கிறோம்? கைபேசியைப் பிடுங்குகிறோம், அல்லது படிப்பை நிறுத்தி ஊருக்கு அனுப்புகிறோம். அடிபட்டவனுக்கே தண்டனை! இதை அறிந்துதான் பிள்ளைகள் நம்மிடம் வாய் திறப்பதில்லை.

பள்ளி வாசலில் நாம் கூச வேண்டியதில்லை. 1956 நவம்பர் 1 வரை தோவாளைக்காரருக்கும் கல்குளத்துக்காரருக்கும் இந்நகரமே தலைநகர். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, எந்தக் குழந்தையும் மனத் துன்புறுத்தலுக்கு ஆளாகக் கூடாது என்கிறது.

எனவே, வந்த செய்தியை அழிக்காதீர்கள், படமெடுத்து வையுங்கள். பிறருக்கு அனுப்பாதீர்கள். தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். மலையாளத்தில் எழுதித் தரவும் உடன் வரவும் சங்கத் தோழர்கள் இருக்கிறார்கள். பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தைக் கூலி போகிறதென்று தவறவிடாதீர்கள். அவசரமென்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. பள்ளிகளையும் கேட்கிறோம்: கேலி செய்த பிள்ளையை விரட்டிவிடுவது தீர்வாகாது, இரு பிள்ளைகளையும் பெற்றோரையும் உட்கார வைத்துப் பேசுங்கள்.

நம் வீட்டுக் குற்றத்தையும் மறைப்பதற்கில்லை. பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த தொழிலாளியின் பிள்ளையை 'பெங்காலி' என்று இளிப்பவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. சாதிப் பெயர் சொல்லித் திட்டும் வழக்கத்தை அவர்கள் எங்கே கற்றார்கள்? நம் அடுப்பங்கரையில்தான்.

2021இல் இந்நகரின் செங்கல்சூளைச் சிறுவர்கள், 'அயன்' படப் பாட்டொன்றைக் கைபேசியிலேயே மறுபடி எடுத்து நடிகர் சூர்யாவின் பாராட்டைப் பெற்றார்கள். ஊரே இளக்காரமாகப் பார்த்த குடியிருப்பை ஊரே வியந்து பார்த்தது. கருவி ஒன்றுதான். அதை எதற்குப் பிடிப்பது என்று சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் நாம். இன்றிரவு வேலை முடிந்து வந்ததும் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். கைபேசியைப் பிடுங்காமல், "என்னப்பா நடந்தது?" என்று கேளுங்கள்.