‘ஏன் திருப்பி அடிக்கல?’: திரைச் சண்டை சொல்லித்தரும் பொய்

2004ஆம் ஆண்டு மதுரையை வைத்து இரண்டு படங்கள் வந்தன. ஏப்ரலில் ‘கில்லி’, டிசம்பரில் ‘காதல்’. இரண்டின் கருவும் ஏறக்குறைய ஒன்றுதான். மதுரையில் அதிகாரமும் அடியாட்களும் உள்ளவர்களின் பிடியில் ஒரு பெண். அவளை அங்கிருந்து சென்னைக்குக் கூட்டிப்போகும் ஓர் இளைஞன். வேலு கபடி ஆடுகிறவன், முருகன் டூவீலர் மெக்கானிக். இருவருமே சண்டை கற்றவர்கள் இல்லை. வேலு அடித்து ஜெயிக்கிறான். முருகன் அடிவாங்கி, புத்தி பேதலித்து, ரோட்டில் திரிகிறான்.

இருபது வருடங்களாக இரண்டையும் டிவியில் பார்த்து வருகிறோம். எது நிஜம் என்று கேட்டால் எல்லோரும் ‘காதல்’ என்பார்கள். யாராக இருக்க ஆசை என்று கேட்டால் ஒருவரும் முருகன் என்று சொல்லமாட்டார்கள். இதை வெறும் ரசனைப் பிரச்சினை என்று விட்டுவிட முடியவில்லை. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் ஒரு தாக்குதல் நடந்து நாங்கள் போய் உட்காரும்போது, அடிபட்ட தம்பியிடம் முதலில் வரும் கேள்வி இதுதான்: “நாலு பேர்தானடா? ரெண்டு பேரையாவது சாச்சிருக்கலாம்ல?” கேட்பது போலீஸ் இல்லை, நம்ம தெருப் பையன்கள்தான்.

அந்தக் கேள்விக்குக் கூச்சப்பட்டு அவன் கதையை மாற்றுகிறான். “நானும் நல்லா குடுத்தேன்ணே” என்கிறான். அன்று இரவே வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்டேட்டஸ் போடுகிறான். எதிர்த்தரப்பு கொடுக்கும் புகாரோடு அதன் ஸ்க்ரீன்ஷாட்டும் போகிறது. வன்கொடுமை வழக்காக நிற்க வேண்டியது ‘இருதரப்பு மோதல்’ ஆகிவிடுகிறது. பிறகு ‘ரெண்டு கேஸையும் வாபஸ் வாங்கிருவோம்’ என்று பேச ஆள் வருவார்கள். ஒரு பொய்ச் சண்டைக் காட்சி நம் வழக்கை உடைக்கும் வழி இது.

முதலில் உடம்பைப் பார்ப்போம். வெறும் கையால் ஒருவன் மண்டையில் ஓங்கிக் குத்தினால் பெரும்பாலும் உடைவது குத்தியவனின் சுண்டுவிரல் பக்கத்து எலும்புதான். அதனால்தான் குத்துச்சண்டை வீரர்கள் கையில் துணி சுற்றிக் கையுறை போடுகிறார்கள். தினமும் பயிற்சி எடுக்கும் அவர்களுக்கே ஒரு சுற்று 3 நிமிடம், பிறகு 1 நிமிட ஓய்வு. பழகாதவனுக்கு அரை நிமிடத்திலேயே மூச்சு வாங்கும், கை நடுங்கும், பக்கவாட்டில் வருகிறவன் கண்ணில் படமாட்டான். பலருக்கு உடம்பு அப்படியே உறைந்துபோகும். ஆபத்து வரும்போது உடம்பு தானாகச் செய்வது அது. அதற்குக் கோழைத்தனம் என்று பெயரில்லை. திரையில் வரிசையில் நின்று ஒவ்வொருவராக வந்து அடிவாங்குகிறார்களே, அந்தப் பத்துப் பேரும் நிஜத்தில் ஒரே நேரத்தில்தான் வருவார்கள்.

சாதித் தாக்குதலில் இன்னொன்றும் உண்டு. அது இரண்டு உடம்புகளின் சண்டை அல்ல. ஒரு பக்கம் ஆள்பலம், ஆயுதம், முன்கூட்டிய திட்டம், பின்னால் நிற்கும் ஊர். மறுபக்கம் தனியாக மாட்டிக்கொண்ட ஒருவன். மேலவளவை நினைத்துப் பாருங்கள். 1996இல் அந்த ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டலால் வேட்புமனுக்கள் திரும்பப் பெறப்பட்ட ஊர் அது. அங்கே நின்று வென்றார் முருகேசன். 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸில் ஊருக்குத் திரும்பும்போது அவரையும் உடன் வந்தவர்களையும் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். அரிவாளோடு ஒரு கும்பல் மறித்த பஸ்ஸுக்குள் எந்தப் பயிற்சி யாரைக் காப்பாற்றியிருக்கும்? அவர் திருப்பி அடித்தாரா என்று யாரும் கேட்பதில்லை. அவருடைய வீரம் வேட்புமனுவில் இருந்தது என்று நமக்குத் தெரியும். அதே நியாயத்தை அடிபட்டு வரும் தம்பிக்கும் கொடுக்க வேண்டாமா?

‘அசுரன்’ (2019) படத்தில் சிவசாமி அரிவாளை எடுத்தபோது தியேட்டரில் எழுந்த விசிலை நான் குறை சொல்லமாட்டேன். காலம் காலமாக நம்மை அடிவாங்குகிறவர்களாகவே காட்டிய திரையில் ஒருவன் நிமிர்ந்தால் விசில் வரத்தான் செய்யும். ஆனால் அதற்கு மூலமான பூமணியின் ‘வெக்கை’யைப் படித்துப் பாருங்கள். ஒருவன் பலரை வீழ்த்தும் சாகசம் அதில் இல்லை. கொலைக்குப் பிறகு அப்பனும் மகனும் காட்டில் ஒளிந்து திரிவதும், பசியும், கோர்ட்டில் சரணடையப் போகும் வழியும்தான் நாவல். படமும் கோர்ட் வாசலில்தான் முடிகிறது. அங்கே சிவசாமி மகனிடம் பேசுவது படிப்பைப் பற்றி. ரீல்ஸில் சுற்றுவதோ சண்டை மட்டும்தான்.

அப்படியானால் ‘காதல்’ முருகன்தான் நமக்கு உண்மையா? அதையும் நான் ஏற்கவில்லை. அடி நிஜம். அடிபட்டவன் பேச்சற்றுப்போய், இன்னொருவரின் கருணையில் முடிவது மட்டுமே நிஜம் இல்லை. மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018) வேறொன்றைக் காட்டியது. கல்யாண மண்டபத்து அறையில் அடைத்து அடிக்கிறார்கள், பரியனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கடைசியில் தண்டவாளத்தில் உயிருக்குப் போராடும்போது அழகாகவா சண்டை போடுகிறான்? மூச்சிரைக்க, தட்டுத்தடுமாறி, சாகாமல் தப்பிக்கிறான். அதன்பின் அவளுடைய அப்பா முன் நின்று பேசுகிறான். மறுபடியும் கல்லூரிக்குப் போகிறான். அடி வாங்கினான், ஆனால் குறுகவில்லை. நான் கேட்கும் யதார்த்தம் அது.

அதற்குப் பிறகு நடப்பதை நம் படங்கள் இன்னும் சரியாகக் காட்டவில்லை. சண்டை முடிந்ததும் கேமரா நகர்ந்துவிடுகிறது. நமக்கு அப்போதுதான் ஆரம்பம். முதல் வேலை, காயம் சின்னதாக இருந்தாலும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போவது. டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எத்தனை பேர், தெரிந்தவர்களா, எதனால் அடித்தார்கள், எங்கே, எத்தனை மணிக்கு என்று எழுதுவார். அங்கே சொல்வதைத்தான் பின்னால் கோர்ட்டில் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ‘கீழ விழுந்துட்டேன்’ என்று கூச்சத்தில் சொன்னாலும் கெட்டது, ‘நானும் பத்துப் பேரை அடிச்சேன்’ என்று பெருமையில் சொன்னாலும் கெட்டது. நடந்ததைச் சொல்லுங்கள். உயிரைக் காக்கத் தள்ளியிருந்தால், அடித்திருந்தால் அதையும் சொல்லுங்கள். தற்காப்பு உரிமை சட்டத்தில் இருக்கிறது.

பிறகு புகார். சாதி சொல்லித் திட்டியிருந்தால் அந்த வார்த்தைகளை அப்படியே எழுதுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசமாகக் கிடைக்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் விசாரணை அதிகாரி டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பு பெறும் உரிமையை 15ஏ பிரிவு தருகிறது. கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியர் மீது 4ஆம் பிரிவு பாயும். இதெல்லாம் பைட்டைவிட மெதுவானது, அலுப்பானது. பல வருடம் இழுக்கும். ஆனால் ஆதிக்க சாதிக்காரர்கள் நம் குத்துக்குப் பயந்ததாக எனக்குத் தெரியவில்லை. சமாதானம் பேச அவர்கள் ஓடி வருவது வழக்கு பதிவான பிறகுதான்.

சிலம்பம் கற்றுக்கொள்ளுங்கள், ஜிம்முக்குப் போங்கள், தோழர்களே. உடம்பு உறுதியாக இருப்பது நல்லது. ஆனால் அடிபட்டு ஒருவன் தெருவுக்குள் வரும்போது “ஏன் திருப்பி அடிக்கல?” என்று கேட்காதீர்கள். “ஆஸ்பத்திரிக்குப் போனியா? என்ன எழுதினாங்க?” என்று கேளுங்கள். அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு கூடப் போங்கள்.